பதினாலரை மணி நேர ஒத்திகை

நாற்பத்தொன்பது வயதில், பெற்ற தகப்பனிடம் பதினாறரை மணி நேரத்தை ஒளித்து வைத்தவன் நான். நாலு எழுத்துப் படித்தவன் என்பதால் அதைப் பொய் என்று சொல்லாமல் புவியியல் என்று சொல்லிக்கொண்டேன்.

நான் பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரான கால்கரியில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எட்மன்டன் மூன்று மணி நேரம், வான்கூவர் பத்து மணி நேரம். நடுவில் பனி கொட்டினால் அது போகிறவர் பாடு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது இணையத்தில் தட்டிப் பார்த்தேன். மதுரைக்கு நேர்கோட்டில் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாலரை மணி என்றது. "அட, நான் வினிப்பெக்குக்குக் கார் ஓட்டுகிற நேரம்தான். மாதாமாதம் போய் வரலாமே" என்றார் அவர். அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்று நான் விளக்கவில்லை. அந்த எண் எனக்குப் பிடித்துப்போயிற்று.

காரணம் அப்பா. மிஷன் பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டை ஒருமுறை வந்து பாருங்கள் என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "மூட்டு ஒத்துக்கிறாதுப்பா" என்பதே பதில். வயது எழுபத்தெட்டு. இனி எத்தனை முறை கேட்கலாம் என்பதை நான் இணையத்தில் தேடவில்லை.

பதினாலரை என்றதும் முதல்முறையாக மறுக்காமல், தன் பழைய உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லுற. வடதுருவத்த ஒட்டி வருது." எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்ளாதவர். ஒத்திகை பார்த்தார்.

மதுரை கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முட்டி இடிக்கிற தூரத்தில் எதிரே இன்னொன்று. இடுப்பைச் சுற்றித் துண்டால் முடிச்சுப் போட்டு, அதுதான் பெல்ட். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர், பாத்ரூமுக்கு மூன்று முறை மட்டும் எழுந்தார். அம்மா மத்தியானம் போனில் சொன்னாள்: "காபி வேணும்னா கை தட்டுறாருப்பா. மாடி வீட்டுக்காரரு வந்து சார் இருக்காரான்னு கேட்டாரு. ப்ளேன்ல இருக்காரு, ஏழரைக்கு மேல வாங்கண்ணேன்னு அனுப்பிட்டேன்."

ஏழரைக்கு அப்பாவே பேசினார். "பதினாலரை தாங்குது. அதுக்கு மேல பத்து நிமிசம் தாங்காது. டிக்கெட்டப் போடு."

இரண்டு பேருக்கும் போட்டேன். மதுரை, சென்னை, லண்டன், கால்கரி. காத்திருப்பும் சேர்த்து முப்பத்தொரு மணி நேரம். டிக்கெட்டை அம்மாவின் போனுக்கு மட்டும் அனுப்பினேன்.

"ஏப்பா, இதுல மூணு ப்ளேன் இருக்கே?"

"அப்பாகிட்ட சொல்லிராதம்மா."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

இவ்வளவு சுலபமாக ஏன் கூட்டுச் சேர்ந்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

கால்கரியில் அப்பா சக்கர நாற்காலியில் வந்தார். என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் மதுரை மணி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பும்வரை அதை அவர் மாற்றவேயில்லை. காலை எட்டு மணிக்கு நான் முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது, "ஊர்ல இப்ப ராத்திரி ஏழரை" என்பார். இந்நேரம் கே.கே. நகர் தெருவிளக்கெல்லாம் எரியும் என்று நினைத்தபடி நானும் தலையாட்டுவேன்.

ஆனால் வந்த அன்று, வீடு போகும் வழியில் காரில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"திரும்பிப் போறதுக்கு எம்புட்டு நேரம்?"

"முப்பத்தொண்ணுப்பா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "போறப்ப இன்னும் ரெண்டு எடத்துல எறக்கி ஏத்துனாலும் சரிதான். ப்ளேன்ல உக்காந்த எடத்துக்குக் காபி வந்துச்சு. ஒத்திகை பாத்த அன்னிக்கு அம்புட்டு நேரமும் நான்ல நின்னுக்கிட்டு இருந்தேன்."