கேர்-சாங்ரியில் புளி

ஜெயராமன் சட்டியின் மூடியை எடுத்தால் உடனே கீழே வைக்க மாட்டார். மெதுவாகச் சாய்ப்பார். உள்பக்கம் கோத்திருக்கும் ஆவித்துளிகள் ஓரத்துக்கு ஓடிவரும். ஒன்றை விரலில் ஏந்தி, இடது மணிக்கட்டில் தேய்த்து, அத்தர் கடையில் நிற்பவர் மாதிரி மூக்கருகே கொண்டுபோவார். நாக்குக்கு அங்கே வேலை கிடையாது. சிக்பேட்டை மாடியிலிருந்த அந்த ஜோத்பூர் மெஸ்ஸில், கிருஷ்ணருக்குப் படைக்கும் முன்னால் சமைத்தவர்கூட ருசி பார்க்கக் கூடாது.

அதே நகரத்து மர்பி டவுன் தமிழரான அவர் அங்கே ஒன்பது வருஷமாக இரண்டாம் கை. மாவுருண்டையைச் சுட்டு நெய்யில் முக்குவது, கடலைமாவுத் துண்டு போட்ட தயிர்க்குழம்பு எல்லாம் பார்த்துப் பார்த்தே பழகியது. 1996இல் பெரிய சமையல்காரர் ஊரோடு போய்விட்டார். அந்த வாரம் முதலாளி கேவல்சந்த் சேட்டின் அண்ணன் ஜோத்பூரிலிருந்து பத்துப் பேரோடு வந்து இறங்கினார். ஒரு வேளைச் சாப்பாடு சரியாக அமைந்தால் பெரிய அடுப்பு ஜெயராமனுக்கு. இல்லையென்றால் ஜோத்பூர் ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அண்ணன் கையோடு கேர்-சாங்ரி கொண்டுவந்திருந்தார். பாலைவனத்தில் காய்த்து உலர்ந்த, சுண்டைக்காய் போல ஒரு காய், கேர். சுள்ளி போல ஓர் அவரை, சாங்ரி. கசப்புப் போக கேர் ஒரு நாளாவது மோரில் ஊறவேண்டும். மூட்டை கைக்கு வந்ததோ காலை ஏழு மணிக்கு. பந்தி பன்னிரண்டுக்கு.

ஜெயராமன் போன் பூத்துக்கு ஓடினார். பக்கத்து வீட்டுப் போனுக்கு மனைவி ரமா வந்தாள்.

"சுண்டவத்தல் கசந்தா நீ இன்னா பண்ணுவே?"

"இதுக்கா போன் பண்ணே? கொதிக்கவிட்டு வடிச்சிட்டு, புளியக் கரைச்சு ஊத்துவேன். பதினாறு வருஷமா துன்றியே, தெரியாதா?"

"இங்க அந்தக் காய்க்குப் புளி ஊத்த மாட்டாங்கடி."

"அப்போ கசப்பையே போடு. நல்லா மெச்சிக்குவாங்க."

கொதிக்கவிட்டார், வடித்தார், புளியைக் கரைத்து ஊற்றினார். மூடித்துளி மணிக்கட்டில் மணக்கத்தான் செய்தது. ஜோத்பூர் மணமா, மர்பி டவுன் மணமா என்றுதான் மூக்கு சொல்லவில்லை.

பந்தியில் அண்ணன் ஒரு வாய் வைத்ததும் மெல்வதை நிறுத்தினார். "இது நம்ம ஊர்ப் புளிப்பு இல்லையே" என்றார் இந்தியில்.

சேட்டு திரும்பி, கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். "ஏனு ஹாகிதீயா ஜெயராம்? என்னத்தப் போட்டே?"

"புளிங்க, சேட்டு."

மற்றவர்கள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். கூட வந்தவர்களில் கடைசியில் உட்கார்ந்திருந்த காவித் தலைப்பாகைக்காரர் மட்டும் தலை நிமிராமல் கையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார். மூன்று முறை வாங்கினார். அப்புறம் தட்டை விரலால் வழித்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சேட்டு பெரிய கரண்டியை நீட்டினார். "இனி நீயே பாத்துக்கோ." ஏன் என்று அவர் சொல்லவில்லை; ஜெயராமன் கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளியன்று சேட்டே சொன்னார்: அந்தத் தலைப்பாகைக்காரர்தான் அண்ணன் கூட்டிவந்த புதுச் சமையல்காரர். பந்தி முடிந்ததும், "இங்க ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் ரயிலேறிவிட்டாராம். போகிற வழியில் மளிகைக்கடையில் நின்று அரைக்கிலோ புளி வாங்கிக்கொண்டு.