குளத்தில் கவிழ்த்த ஒரு கிலோ உப்பு

போன சனிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் சேகர் கையில் ஒரு கண்ணாடி பாட்டிலோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வித்யா... எவனோ நம்ம குளத்துல உப்பைக் கொட்டிட்டான்!"

'நம்ம குளம்' என்றதும் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். நியூஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் குளம். வாரம் பூராவும் பேங்க் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டும் மனுஷர், இந்த வருஷம் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் வாலண்டியர் குழுவில் சேர்ந்துவிட்டார். பனிக்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பெல்லாம் கடைசியில் குளத்துக்குத்தான் வரும், தவளை முட்டைக்கும் மீன் குஞ்சுக்கும் அது ஆகாது... தினமும் டின்னர் டேபிளில் எனக்கு கிளாஸ் நடக்கும்.

"மே மாசத்துல ஏது ரோடு உப்பு? மிகேல்தான் ஷெட்ல மிச்சம் இருந்த மூட்டையைக் கவுத்திருக்கணும். லிண்டாகிட்ட சொல்லிட்டேன். மேனேஜ்மென்ட்டுக்கு கம்ப்ளெயின்ட் போகப்போகுது!"

லிண்டா, அந்தக் குழுவின் தலைவி. மிகேல், எங்கள் மெயின்டனன்ஸ் ஆள். ஜனவரியில் ஹீட்டர் நின்றபோது அரை மணி நேரத்தில் வந்து சரி செய்து கொடுத்த புண்ணியவான். இப்படி ஒரு புகார் போனால் அவர் வேலை என்ன ஆகும்?

"அதோட இதைப் பாரு. ஏதோ பூச்சி முட்டை. கறுப்பா, உருண்டையா... லிண்டாவே பார்த்ததில்லையாம்!"

பாட்டிலைப் பார்த்தேன்.

மிளகு. முந்தின நாள் சாயங்காலம் நான் போட்டது!

கழுத்தில் ஒரு மரு. ஸ்கின் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ஆகஸ்ட்டில்தான் கிடைத்தது. மரு வந்தால் நாம் என்ன செய்வோம்? கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவோம். இங்கே கோயில் இருக்கிற இடத்தில் குளம் இல்லை. குளம் இருக்கிற இடத்தில் கோயில் இல்லை. சாமி அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒரு பிடி போதும்தான் — கோயில் இல்லாத குறைக்கு ஈடாக, ஒரு கிலோ கல் உப்பு பாக்கெட்டையே கரையோரத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டேன்.

அத்தனை கிளாஸ் கேட்டும் அப்போது ஏன் ஞாபகம் வரவில்லை என்கிறீர்களா? அதுதான் எனக்கும் புரியவில்லை. குளத்தைக் கெடுக்கிறவர்கள் என்றாலே நம் மனதில் வேறு யாரோதான் வருகிறார்கள். நாம் செய்வது வேண்டுதல்... அது எப்படிக் குப்பையாகும்?

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம். மிகேலின் முகம் கண்முன் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, சொல்லிவிட்டேன்.

சேகர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"லிண்டாகிட்ட நீயே பேசு" என்று போனை நீட்டினார்.

மரு, சாமி, உப்பு, மிளகு எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. லிண்டா திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"டஸ் இட் வொர்க்?" என்றார்.

மிகேல் தப்பித்தார். நான் தப்பவில்லை. எடுத்த ரீடிங்கை அழிக்கக் கூடாதாம், காரணத்தோடு அனுப்பியே ஆக வேண்டுமாம். சேகர் லேப்டாப்பைத் திறந்தார். 'தண்ணீர் கெட்டதற்குக் காரணம்' என்ற கட்டத்தில், 'என் மனைவி' என்று டைப் பண்ணினார்.

கல்யாணமான பதினாறு வருஷத்தில், ஒரு ஃபாரத்தை அவர் இவ்வளவு சந்தோஷமாக நிரப்பி நான் பார்த்ததே இல்லை!