இடம் மாறிய புண்கள்

ஒரு வருடமாக என் வாயில் புண் வந்துகொண்டே இருந்தது. உதட்டுக்குள் ஒன்று ஆறும், நாக்கோரத்தில் இன்னொன்று முளைக்கும். ரசம் பட்டால் உயிர் போகும். சோமனூரில் எங்கள் தறிக்கூடத்தில் எல்லோரும் சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரையைத் தின்று தின்று அதன் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வந்தது.

எனக்குள் இருந்த பயம் வேறு. என் அப்பாவுக்கும் கடைவாயில் ஒரு புண்ணாகத்தான் தொடங்கியது. புகையிலை போட்டவர். புற்றுநோய் என்று தெரிந்த எட்டாவது மாதம் போய்விட்டார். நான் புகையிலையைத் தொட்டதில்லை. பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

கருமத்தம்பட்டியில் வயதான பல் டாக்டர் ஒருவரிடம் மூன்று முறை போனேன். தடவ மருந்து கொடுப்பார். அடுத்த முறை, "எப்படி அம்மணி இருக்குது?" என்பார். "நல்லாருக்குங்க" என்பேன். மருந்து கொடுத்தவர் முகத்துக்கு நேரே, புண்ணுக்கு அது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பிறகு ஏன் வந்தாய் என்றால், "சும்மா காட்டிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்பேன். வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான்.

நான்காம் முறை வீட்டுக்காரரும் வந்தார். நான் வழக்கம்போல் ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்கீங்க நல்லாருக்குது? ஒரு வருசமா இதே பாடுங்க. இந்தப் பக்கம் ஆறுனா அந்தப் பக்கம் வருதுங்க. சோறே உங்கறதில்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொண்ணும் பத்து நாள்ல தானா ஆறிருதா, அம்மணி?"

"ஆறிருதுங்க."

"ஒரே எடத்துல ஆறாம நிக்குதா?"

"இல்லீங்க. அப்ப கேன்சர் இல்லீங்களா?"

அந்தச் சொல்லை அதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் விளக்கடித்து வாய் முழுவதும் பார்த்தார், கழுத்தையும் தடவிப் பார்த்தார். "இல்லம்மணி. ஒரே எடத்துல மூணு வாரம் தாண்டியும் ஆறாம இருந்தா உடனே ஓடியாரோணும். இது நெறையப் பேருக்கு வந்து வந்து போறது. மொதல்லயே சொல்லியிருக்கோணுமல்ல?"

இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் பி12-ம் குறைவென்று பிறகு தெரிந்தது. மாத்திரைகள், புண் தலைகாட்டிய அன்றே தடவ ஒரு மருந்து, நுரை வராத பற்பசை. இப்போதும் எப்போதாவது ஒன்று வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

அன்று வெளியே வந்ததும் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"மாமனுக்கு வந்ததுதான் வந்திருக்குதுன்னா நெனச்சுட்டிருந்த? எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல, புள்ள?"

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நன்றாக அழுதேன்.