அருவிக்கு இறங்கும் படியில்

எங்கள் கோழிப்பண்ணை நாமக்கல்லுக்குப் பக்கத்தில், நாலு புறமும் அடைத்த ஷெட். ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் பெரிய ஃபேன்கள் இரவும் பகலும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் அவை நின்றால், ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கோழிகள் சாகத் தொடங்கும். அதனால் உள்ளே எவ்வளவு சூடு, கரண்ட் இருக்கிறதா என்பதெல்லாம் என் போனுக்கு வந்தபடியே இருக்கும். குளிக்கப் போனாலும் போன் சோப்புப் பெட்டிக்கு அருகில்தான்.

இந்தச் சித்திரையில் மனைவி பொறுமை இழந்தாள்.

"ஏனுங்க, அந்த அலாரத்தையெல்லாம் என் போனுக்கு மாத்திக் குடுத்துட்டு, ஒரே ஒரு நாள் கொல்லிமலைக்குப் போயிட்டு வாங்க. இங்க அடைஞ்சு கெடக்கறது கோழியா நீங்களான்னே தெரியல."

மலையில் அருவிக்கு இறங்கும் படிகளில் பாதிக்குக் கீழே சிக்னல் இல்லை. அதற்காகவே அங்கே போனேன். ஒரு பாறையில் உட்கார்ந்தேன். காடு முழுக்கச் சில்வண்டு இரைச்சல். மெல்லத் தோள் தளர்ந்தது. போன் சத்தம் இல்லாமல் நான் யார் என்று யோசிக்க வந்தவன், எதையும் யோசிக்காமல் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அத்தனை சில்வண்டும் ஒரே நொடியில் அடங்கின.

ஏன் என்று புரிவதற்கு முன்பே நான் படியேறி ஓடிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் சத்தம் நின்றால் சாவு. இது காடு, பூச்சிகள் அடங்குவது வழக்கம் என்று புத்தி சொன்னது, கால்கள் கேட்கவில்லை. நான் யார் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. சிக்னல் ஒரு கோடு காட்டிய படியில் நின்று மூச்சிரைக்க, ஷெட்டை ஒட்டியிருக்கும் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுதுங்க. என்னாச்சு, எங்காச்சும் உளுந்துட்டீங்களா?"

"நெசமாத்தான் ஓடுதா?"

"ஏன், நீங்க இருந்தா கையிலயே சுத்திடுவீங்களாக்கும்? பேசாம போயித் தண்ணியில நில்லுங்க."

"போனைக் கொஞ்சம் ஃபேன்கிட்டப் புடி அம்மிணி."

சிரித்துக்கொண்டே கொண்டுபோனாள். காதில் அந்த இரைச்சல் வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழிருந்து ஈரக் காற்று வந்தது. இறங்கத்தான் ஆசை. இறங்கினால் சிக்னல் போய்விடும்.

"கை வலிக்குதுங்க, வெச்சரட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

அருவியைப் பார்க்காமலேயே மத்தியான பஸ்ஸில் மலையிறங்கினேன்.