வாடையில் மாட்டிய ஒல்லாந்தர் கப்பல்கள்

மச்சானிடம் நான் எந்த விளையாட்டிலும் வென்றதில்லை. கரம்போர்ட்டிலும் இல்லை, கடதாசி விளையாட்டிலும் இல்லை. என் மனைவியின் அண்ணனான அவர் வங்காலையில் படகு ஓட்டுகிறவர். நான் மன்னாரில் ஒரு கந்தோரில் கோப்புகளுக்கு நடுவே கதிரை தேய்ப்பவன். ஒருமுறையாவது அவரை வென்றுவிட வேண்டும் என்ற வெறியில்தான், ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைப் பிடித்த சண்டையை எங்கள் சாப்பாட்டு மேசையில் விளையாடலாம் என்றேன். ஒல்லாந்தர் பக்கத்தை முந்திக்கொண்டு எடுத்தேன். முடிவு தெரிந்த சண்டையில்கூட யாராவது தோற்பார்களா?

"எங்கட கத்தோலிக்கக் கோயிலுகளைப் பூட்டினவங்களுக்கோ நீங்கள் சண்டை பிடிக்கப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"விளையாட்டுத்தானே" என்றேன்.

நீல மேசைவிரிப்புக் கடலானது. பிஸ்கட் வந்த மட்டைப்பெட்டி கோட்டையானது. விரல் நுனி அளவுப் பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு மனைவியின் நகப்பூச்சால் சட்டை போட்டேன். தென்னம்பாளையைச் சீவி ஏழு கப்பல் செய்து, கடதாசியில் பாய் கட்டினேன்.

விதிகளை இணையத்தில் எடுத்திருந்தேன். பகடை உருட்டித்தான் எந்தப் பக்கக் காற்று என்று தீர்மானிக்க வேண்டும். மச்சான் பகடையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"காத்தை உருட்டிப் பாக்கிறதோ? விசர்க் கதை! வெளியில அடிக்கிற காத்துத்தான் காத்து, மச்சான்."

மின்விசிறிக் காற்றை மட்டுமே அறிந்த நான், "ஓம்" என்றேன். அவர் வாசலில் போய் நின்றுவிட்டு வந்து, "வாடை" என்றார். தெற்கிலிருந்து வரும் என் கப்பல்களுக்கு அது நேர் எதிர்க்காற்று. ஓர் அங்குலமும் நகரக்கூடாது.

மறுநாளும் வாடை. மறுவாரமும் வாடை. அது எப்போது விடும் என்று கடலுக்குப் போகிற மனிதருக்குத் தெரியாதா? தெரிந்துதான் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். மேசையில் கடல் கிடந்ததால் எங்கள் குடும்பம் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. அவரோ ஒவ்வொரு பின்னேரமும் வந்து தேத்தண்ணி குடித்து, வாசலில் மூக்கை நீட்டி, "இண்டைக்கும் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்குள் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை நாள் நெருங்கிவிட்டது.

"ஞாயிறு ஆக்கள் வருவினம். சனி பின்னேரம் எனக்கு மேசை வேணும். இல்லாட்டி கோட்டை அடுப்புக்குள்ள" என்றாள் மனைவி.

சனி மத்தியானம் காற்றுத் திரும்பியது. தெற்குக் காற்று! துள்ளிக் குதித்து மச்சானுக்கு அழைத்தேன். அவர் விடத்தல்தீவில் இயந்திரம் திருத்திக்கொண்டு நின்றார்.

"நான் வரப் பிந்தும். என்ர இடத்தில தங்கச்சியை இருத்துங்கோ."

இதைவிட நல்ல செய்தி எனக்கு வந்ததில்லை. அவளுக்கு ஒரு விதியும் தெரியாது. பீரங்கி சுடும்போது ஐந்தோ ஆறோ விழுந்தால் கப்பல் தாழும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். உருட்டினாள். ஆறு.

அடுத்தது ஐந்து. பிறகும் ஆறு. எனக்கு ஒன்றும் இரண்டுமாகவே விழுந்தன. அரை மணித்தியாலத்தில் என் ஏழு கப்பல்களும் தாழ்ந்தன. மன்னார்க் கோட்டையில் ஒரு சிப்பாய்கூடச் சாய்ந்து விழவில்லை.

"தோத்த ஆள்தான் மேசை துடைக்கிறது" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. இருந்தாலும் துடைத்தேன். உள்ளே அவள் அண்ணனுக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு கப்பலாக விவரித்துக்கொண்டிருந்தாள்.