அலமாரிக்குள் ஆமை

ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘குத்தம்’. வீடியோ கேம் கம்பெனியில் சோதனைப் பிரிவு வேலை. சாதாரண ஆள் செய்யாததையெல்லாம் செய்து பார்த்து, கேம் எங்கே உடைகிறது என்று சொல்வதற்குத்தான் சம்பளம். மூடிய கதவில் விடாமல் முட்டுவாள், குதிக்கும்போதே ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்துவாள், ஏணியில் பாதி ஏறிவிட்டுக் கையை விடுவாள். அவள் பார்த்து அனுப்பிய கேமில் வெளியாள் ஒருவரும் புதிதாகக் குறை கண்டதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறென்ன கொடுத்துவிட்டார்கள் அவளுக்கு?

வீட்டில் கதை வேறு. தம்பி இருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகக் கேம் செய்கிறேன் என்று உள்ளறையில் உட்கார்ந்தான். சாமான்களை முதுகில் சுமந்து, மாடி மாடியாக ஏறி, ஊராருக்கு வீடு மாற்றித் தரும் ஓர் ஆமையின் கதை. “வேற மிருகமே கிடைக்கலையா? ஆமையைப் போய் வீட்டுக்குள்ள விடுறியே!” என்று முதலில் கத்தியது அம்மாதான். செலவுக்குப் பணம் கேட்டு அவன் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, பணம் வர ஆரம்பித்ததும் அம்மா கட்சி மாறினாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, “முன்பின் தெரியாதவங்கள்லாம் எங்க பையனுக்குக் காசு போடுறாங்க” என்றாள்.

அதுதான் வயிற்றெரிச்சல். இவளைப் பற்றி அம்மா என்றைக்காவது யாரிடமாவது சொன்னதுண்டா? “பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ பார்க்குறா.” அவ்வளவுதான். தம்பியின் இணையப் பக்கத்தில், சேர்ந்த பணத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏற ஏற இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாதம் முடிவதற்குள் கோடு நிறைய வேண்டும். நிறையாவிட்டால் மொத்தப் பணமும் போட்டவர்களுக்கே திரும்பிவிடும். பாதியில் கோடு தயங்கி நின்றபோது, விளையாடிப் பார்க்க ஒரு பகுதியை இலவசமாக விடலாம் என்று தம்பி முடிவு செய்தான். முதலில் அக்காவிடம்தான் கொடுத்தான். “கொஞ்சம் பாரேன்க்கா. நீ பார்த்துட்டா எனக்கு நிம்மதி.”

பார்த்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில், சுவரைப் பார்த்தபடி அலமாரியை இறக்கிவிட்டு உடனே மறுபடி தூக்கினால், ஆமை அலமாரிக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டது. வெளியே வரவே இல்லை. அலமாரிக்கு நாலு கால் முளைத்தது போல நடந்தது. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். வெளியாட்கள் கண்டுபிடிக்கட்டும், கிழிகிழியென்று கிழிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவர், கால் முளைத்த அலமாரி தெருவில் ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டார். பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் பணமும் போட்டார்கள். ‘அலமாரி ஆமைதான் வேண்டும், தயவுசெய்து சரிசெய்துவிடாதே’ என்று கெஞ்சினார்கள். கோடு நிறைந்து வழிந்தது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிடும்போது, தம்பி அன்று காலை வெளியிட்ட நன்றிக் குறிப்பைப் படித்துக் காட்டினான். ‘என் அக்கா குறை கண்டுபிடிப்பதில் கில்லாடி. அவள் கண்ணுக்கே தப்பிய பிழை இது!’ பெருமையாகத்தான் எழுதியிருந்தான். அம்மா வேறு சமாதானம் சொன்னாள். “விடுடி, எல்லார் கண்ணுலயும் எல்லாமே படுமா?”

தப்பியதா? அவள் கண்ணுக்கா? நாளைக்கு ஆபீஸே இதைப் படித்துவிட்டுச் சிரிக்கும். சொல்லாவிட்டால் குருடி, சொன்னால் துரோகி. மென்று முழுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

“முதல் நாளே பார்த்துட்டேன்டா.”

தம்பி சிரித்தான். “சும்மா அளக்காதக்கா.”

“இடது பக்கத் திருப்பத்துல மட்டும்தான் மாட்டும். வலது பக்கம் என்ன பண்ணாலும் மாட்டாது. போய்ப் பாரு.”

அது தம்பியைத் தவிர வேறு யாரும் இன்னும் கவனிக்காத விவரம். அவன் சிரிப்பு நின்றது. “அப்ப ஏன் சொல்லல?”

“வயித்தெரிச்சல். வேற என்ன?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான், எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்துவான் என்று அவள் காத்திருந்தாள்.

“இன்னும் எத்தனை இருக்கு?” என்றான், தலையைத் தூக்காமலே.

“பதினொண்ணு. அதுல ரெண்டு ரொம்ப மோசம்.”