குடைப்பிடியில் அப்பாவின் காது

போர் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அப்பா என்னைப் பார்க்கக் கொழும்புக்கு வந்தார். நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தேன். படுக்கை கடைக்கு மேலே இருந்த அறையில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அதுவே பெரிய இடம்.

கடலோரத்தில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்குப் போன அம்மாவைச் சுனாமி கொண்டுபோன பிறகு, அப்பா படுவான்கரையில் தனியாகத்தான் இருந்தார். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தை நாங்கள் அப்படிச் சொல்வோம். நெடுங்காலம் புலிகள் இயக்கத்தின் கையில் இருந்த பக்கம். அந்த விலாசம் போட்ட அடையாள அட்டையைக் கொழும்பில் நீட்டுவதற்கு யாருக்கும் பயம்தான்.

யாழ்ப்பாணத்து முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தகப்பன்தான், எனக்கு விளங்குது. ஆனா இப்ப நாள் சரியில்லத் தம்பி. காட்டிறதைக் காட்டிப்போட்டுக் கெதியா அனுப்பிவிடு."

எனக்கும் அந்த ஓர் எண்ணம்தான். அப்பாவை முழுசாக ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மறுநாள் லீவு. மிருகக்காட்சிச்சாலைக்குப் போவமா என்று கேட்டேன். "வட்டைக்குள்ள வந்து நெல்லத் திங்கிற யானையக் காசு குடுத்துப் பாக்கவா மனே?" என்றார். அதனால் காலிமுகத்திடலுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலைக் கண்டதும் அவர் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"இதக் காட்டவா கூட்டி வந்தாய்?"

"எல்லாரும் இதத்தான் பாக்க வாற அப்பா."

"அவங்களுக்கு இது ஒண்டும் செய்யல்ல போல."

இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். வடையின் மேலிருந்த இறாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காய்ச்சல்ல கிடந்து எழும்பின இறால்" என்று சொல்லிவிட்டுத் தின்றார். அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. நகரத்தின் நடுவில் இருக்கிற பேரை வாவிக்குக் கூட்டிப்போனேன்.

பச்சைத் தண்ணீர். கூழைக்கடாக்கள் மரத்தில் இருந்தன. பாதையோரம் மண்மூட்டைகள், காவலரண். அப்பாவின் முகம் தெளிந்தது. "நம்மட ஆறு மாதிரித்தான் இரிக்கு" என்றார். எங்கள் வாவியை அவர் ஆறு என்றுதான் சொல்வார். நான் காவலரணில் நின்ற சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் படிகளில் இறங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தபோது, தன் நீளக் குடையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, மரப்பிடியில் காதை வைத்துக் குந்தியிருந்தார்.

எங்கள் வாவியில் மீன் பாடும். தோணியில் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். கடல் உள்ளே வந்து போன பிறகு அந்தச் சத்தம் இல்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நாம் இடம்பெயர்ந்த மாதிரி மீனும் எங்கேயாவது போயிருக்கும் என்பார். பகிடியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

விசில் சத்தம் கேட்டது.

"அப்பா, எழும்புங்க."

"சத்தம் போடாத மனே. கேக்க வேணும்."

இரண்டு சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். இளையவனின் துப்பாக்கி அப்பாவின் முதுகை நோக்கி இருந்தது. என் சிங்களம் குசினிச் சிங்களம். வெங்காயம், தேங்காய், கெதியாகக் கழுவு. அதற்குள் தேடி "மாளு சிந்து கியனவா" என்றேன். மீன் பாட்டுப் படிக்கும் என்று சொன்னதாக நினைப்பு. இளையவன் சிரிக்கவில்லை.

மூத்தவர் எங்கள் அட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

"மட்டக்களப்பு?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம் ஐயா."

கையைக் கத்தி மாதிரி நிறுத்தி, இடமும் வலமும் காட்டினார். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அங்கே வேலை செய்துவிட்டு வந்தவன்தான் அப்படிக் கேட்பான். நான் வாய் திறக்க முன் அப்பா, "படுவான்கரை" என்றார்.

மூத்தவர் குடையை வாங்கி விரித்தார், உதறினார், கம்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு படியில் இறங்கி, அப்பா செய்தது போலவே அதைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்தார். இளையவன் ஏதோ சொன்னான். மூத்தவர் விரலை உயர்த்தி அவனை அடக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இல்ல" என்று எழுந்தார். பிடியைத் தன் காற்சட்டையில் துடைத்து அப்பாவிடம் கொடுத்தார். அட்டைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "எங்க தங்கிறது?" என்று என்னைக் கேட்டார். கடையைச் சொன்னேன். தெரிந்த இடம் போலத் தலையாட்டினார்.

"ஐயா இண்டைக்கு ஊருக்குப் போக வேணும். நாளைக்கு இல்ல. இண்டைக்கு."

அட்டைகளைத் திருப்பித் தந்தார். அவர் சொன்னது வெருட்டலா, வேறு ஏதாவதா என்று முகத்தில் தெரியவில்லை.

அன்று பின்னேரமே புறக்கோட்டையில் அப்பாவைப் பஸ் ஏற்றினேன். யன்னலால் எட்டிப் பார்த்து, "அவன் நல்லவனா மனே?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் காலையில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது ஆமிக்காரர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுத் தேடினார்கள். அடுத்த கட்டிடத்தில் தங்கியிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களைப் பிடித்து ட்ரக்கில் ஏற்றினார்கள். என் அறைக்கும் வந்தார்கள். அட்டையைப் பார்த்தவன் பாயைப் பார்த்தான். அதில் இரண்டு தலையணைகள் கிடந்தன.

"மற்றது யாருக்கு?"

"அப்பா. போயிட்டார்."

ஒரு தலையணையைப் பூட்ஸால் புரட்டினான். பிறகு இறங்கிப் போனான்.

மத்தியானம் தாண்டித்தான் கடைத் தொலைபேசிக்கு அப்பாவின் அழைப்பு வந்தது. வழியில் எல்லாரையும் இறக்கிச் சாமான்களைக் கிளறினார்களாம். "வந்து சேந்திட்டன். நீ சாப்பிட்டயா?"

"ஓம் அப்பா."

"அங்க ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்ல."

அவர் உடனே வைக்கவில்லை. வாவிப் படியில் குந்தியிருந்த மாதிரியே, அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்.